ஆறு விருந்தாளிக்கு ஓர் ஆடு

ஊல்கான் கணக்கை முதலில் திட்டுவாள், பிறகுதான் போடுவாள். காலையில் தந்தூர் அடுப்பில் முதல் ஈடு சம்சாவை ஒட்டிவிட்டு, மாவுப் பலகைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவுவாள். உள்ளே நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம். கொழுப்பு ஏறி அதன் தாள்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. ஒரு பக்கத்தைப் பிரித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சண்டைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல அதை முறைப்பாள்.

“ஒரு குழாய் தொட்டியை ரொப்புதாம். இன்னொரு குழாய் அதே நேரத்துல காலி பண்ணுதாம். எப்போ ரொம்பும்னு என்னைக் கேக்குறான். ஏண்டா, அந்த வீட்ல மனுஷ ஜென்மமே இல்லையா? முதல்ல கீழ்க்குழாயை மூடித் தொலைங்கடா!”

எங்கள் நாரின் ஊர் மினிபஸ் நிலையத்தில் அவள் அடுப்புக்கும் என் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அவள் கத்துவது எல்லாம் என் காதில்தான் முதலில் விழும். கத்தி முடித்ததும் சத்தமே இருக்காது. எட்டிப் பார்த்தால் மாவு உருட்டிக்கொண்டிருப்பாள். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஓர் உருண்டை மாவை வைப்பாள். இரண்டு மடங்கு என்றால் இரண்டு உருண்டை. பலகையில் உருண்டைகளை இப்படியும் அப்படியும் தள்ளுவாள். விடை கிடைத்ததும் எல்லா உருண்டையையும் தட்டி, கறி வைத்து, மூடி, அடுப்பில் ஒட்டிவிடுவாள். அவள் போட்ட கணக்கையெல்லாம் தின்றவர்கள் பிஷ்கெக் பாதையில் இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டுநர் பையன்களுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. அதிலும் நூர்கஸி என்று ஒருவன், மீசை சரியாக முளைக்காதவன். “எஜே, இன்னிக்கு எந்த ஊரு ரயிலு லேட்டு?” என்று கேட்டுக்கொண்டேதான் வருவான். எஜே என்றால் அக்கா. நிலையத்துக்கே அவள் எஜேதான்.

“ரயில் இல்லடா, உன் வண்டிதான் இன்னிக்கு. காலை எட்டு மணிக்குக் கிளம்புதாம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுதாம்.”

“எட்டு மணிக்கா? ஆள் ரொம்பாம எவன் எஜே வண்டி எடுப்பான்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். இதை எழுதினவன் பொறந்ததுலேர்ந்து மினிபஸ்ல ஏறினதே இல்லை போல!”

எங்கள் பக்கத்து மருமகள்கள் புருஷன் வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். ஊல்கானின் புருஷனுக்கு அண்ணன் பெயர் எர்கேஷ்; தம்பி பெண்டாட்டியும் எங்களுக்கு மருமகள்தான். புத்தகம் எழுதியவனுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்ன, பத்துக் கணக்கில் ஒரு கணக்கில் எர்கேஷ் வந்து நிற்பார். ஆப்பிள் வாங்குவார், சுவர் கட்டுவார், ஆற்று ஓட்டத்துக்கு எதிராகப் படகு விடுவார். ஊல்கான் அங்கெல்லாம் “பெரியவர்” என்று மாற்றித்தான் வாசிப்பாள். “பெரியவர் எட்டு ஆப்பிள் வாங்கினார்.” யார் வாங்கினது, பெயரைச் சொல்லுங்கள் என்று நூர்கஸி வம்புக்கு நிற்பான். ஒருமுறை வேகமாக வாசித்ததில் பெயர் வாய் தவறி வந்துவிட்டது. சட்டென்று மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை மூக்குக்குக் கீழே வெள்ளையாகத்தான் இருந்தாள். எங்களில் எந்த மருமகளும் அப்படித்தான் பொத்திக்கொள்வாள்.

நாற்பது வயதுக்கு மேல் இவளுக்கு எதற்கு நுழைவுத் தேர்வு என்று கேட்காத ஆள் இல்லை. நான் சொல்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டியில் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டாலும் இவளுக்குத்தான் ஆள் வரும். கையை விட்டுத் திருப்பி எடுத்துவிடுவாள். ஆனால் மருந்து வாங்கவோ ஊசி போடவோ இவளுக்கு உரிமை கிடையாது. ஒரு பனிக்காலத்தில் இவளுடைய சினைப்பசு காய்ச்சலில் விழுந்தது. கால்நடை மருத்துவருக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினாள். பசு செத்த மறுநாள் அந்த மகராசன் வந்து, “கல்யாண வீட்ல இருந்தேன், எப்படி எழுந்து வர்றது?” என்றான். எனக்கே வயிறு எரிந்தது. ஊல்கான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. “இனிமே இந்தப் பக்கத்துல ஒருத்தனையும் நான் கெஞ்ச மாட்டேன். நானே படிச்சு டாக்டராவேன்” என்று என்னிடம்தான் சொன்னாள்.

கால்நடைப் படிப்பில் சம்பளம் கட்டாத இடம் வேண்டுமானால் தேர்வில் மதிப்பெண் வேண்டும். புருஷன் ருஷ்யாவில் கட்டட வேலை. வீட்டில் எர்கேஷ் வைத்ததுதான் சட்டம். அவர் யோசித்து யோசித்து, “ஒரே ஒரு தடவை எழுதிப் பாரு, மருமகளே. வரலேன்னா அடுப்பைப் பாரு” என்று அனுமதி கொடுத்தார். அந்த ஒரு தடவைக்காகத்தான் இவள் இரண்டு பனிக்காலம் மாவு உருட்டினாள்.

மே மாதத்தில் தேர்வு. பிள்ளை வயதுப் பசங்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினாள். சாயங்காலம் என் கடைக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. “தையல்காரி, ஒரே ஒரு நல்ல கணக்கு கேட்டிருந்தான். நம்ம ஊரு கணக்கு! கேளு” என்று ஒப்பித்தாள். பெரியவர் வீட்டுக்கு ஆறு விருந்தாளிகள் வந்தார்கள். பெரியவர் ஓர் ஆட்டை அறுத்துப் பன்னிரண்டு எலும்புத் துண்டாகப் பிரித்தார். விருந்தாளிகளில் இருவர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அந்த இருவருக்கும் சேர்த்து எத்தனை துண்டு? விடை இரண்டா, நான்கா, ஆறா, அல்லது கொடுத்த விவரம் போதாதா?

“விவரம் போதாதுன்னு போட்டேன். மத்த நாலு பேரு யாரு? ஆம்பளையா, பொம்பளையா? சம்பந்தி யாராவது உண்டா? ஒண்ணும் தெரியாம எப்படி எலும்பு வைக்கிறது?”

நானும் ஆமாம் என்றேன். எங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இடுப்பெலும்பு மூத்த ஆணுக்கு, வால்பக்கம் மூத்த பெண்ணுக்கு, தொடை அதற்கு அடுத்தவருக்கு. எலும்பு மாறிப் போனதற்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது எனக்குத் தெரியும்.

முடிவு வந்தது. ஒரே ஒரு கணக்கில் இடம் போயிற்று. எது என்று சொல்லவேண்டியதில்லை. நான்கு என்று போட்டிருக்க வேண்டுமாம். தலைக்கு இரண்டு. ஊல்கான் முறையீடு அனுப்பினாள். சமமாகப் பிரிப்பது என்பது சொல்லாமலே விளங்கக்கூடியது என்று தலைநகரத்திலிருந்து பதில் வந்தது.

அன்று அவள் போட்ட கூச்சலில் பஸ் ஏற வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். “யாருக்கு விளங்கக்கூடியது? அவன் அப்பனுக்கு விளங்குமா? அவன் அப்பன் முன்னாடி கழுத்தெலும்பைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லு, அப்புறம் பாப்போம் சமத்தை!” அந்த ஈடு சம்சா முழுக்கக் கருகிப்போனது. நான்தான் போய்ச் சுரண்டி எடுத்தேன்.

எர்கேஷ் அதோடு பேச்சை முடித்துவிட்டார். இன்னொரு முறை எழுதுகிறேன் என்று அவள் கேட்டபோது, “கணக்கு வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே, மருமகளே. இன்னும் எதுக்கு?” என்றாராம். கணக்கு வராதாம்! குழாயும் ரயிலும் படகும் எல்லாம் சரியாகப் போட்டவளுக்கு. இதை என்னிடம் சொல்லும்போது அவள் கத்தவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடுகள் மலையிலிருந்து இறங்கிய சமயம் எர்கேஷ் வீட்டில் விருந்து. சமையலுக்குக் கூடமாட நானும் போயிருந்தேன். எண்பதை எட்டிக்கொண்டிருந்த சாரிபாய் பெரியவர், அவர் மனைவி, எர்கேஷின் சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஒருவர், இவர்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய நூர்கஸி. ஆக ஆறு பேர். வழக்கமாகத் துண்டு பிரித்து வைக்கிற ஆள் வரவில்லை. எர்கேஷ் புளித்த குதிரைப்பாலான குமிஸ் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி சிரித்தார்.

“எதுக்குக் கவலை? எங்க வீட்ல தலைநகரத்தோடவே கணக்குச் சண்டை போட்ட ஆள் இருக்கே! மருமகளே, நீயே பிரி. தப்பாப் போட்டா மார்க்கு கிடையாது, சொல்லிட்டேன்!”

சம்பந்திகள் சிரித்தார்கள். சமையலறையில் ஊல்கானின் காது சிவந்ததை நான் பார்த்தேன். “வேணாம் ஊல்கான், விடு” என்றேன். அவள் கேட்கவில்லை. அண்டாவிலிருந்து துண்டுகளை வாரிப் பெரிய தட்டில் போட்டுக்கொண்டு கத்தியோடு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

உட்கார்ந்திருந்த வரிசையில், வாசல் பக்கத்திலிருந்து தொடங்கி, கைக்கு வந்ததை வைத்துக்கொண்டே போனாள். தலைக்கு இரண்டு. வாசலோரம் இருந்த நூர்கஸிக்கு இடுப்பெலும்பும் தொடையும். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “எஜே, என்ன எஜே இது, எனக்கு வேணாம் எஜே” என்று முனகினான். சம்பந்தியம்மாவுக்கு வெறும் முதுகெலும்பு. அந்த அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. சாரிபாய் பெரியவர் தன் முன்னால் வந்து விழுந்த கழுத்தெலும்பைக் குனிந்து பார்த்தார். யாரும் தொடவில்லை.

தட்டு காலி. எர்கேஷ் முன்னால் ஒன்றுமே இல்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“என்ன கூத்து இது? யாருக்கு எதை வைக்கிறதுன்னு உனக்குத் தெரியாதா? வயசு என்ன, முறை என்னன்னு பாக்க வேண்டாமா?”

“பாக்கணுமா? பாத்ததுக்குத்தான் எனக்குச் சைபர் போட்டாங்க.” ஊல்கான் துண்டுகளை விரலால் சுட்டிக்கொண்டே போனாள். “ஆறு விருந்தாளி, பன்னிரண்டு துண்டு. தலைக்கு ரெண்டு. கணக்கு வராதுன்னீங்களே, இந்தாங்க, வந்துடுச்சு. இதுதான் அவங்களுக்கு வேணும்னா வர்ற மே மாசம் இதையே எழுதிட்டு வரேன்.”

“எனக்கு எங்கே?”

“கணக்குல எர்கேஷுக்குப் பங்கு கிடையாது.”

சாரிபாயின் மனைவி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. எல்லோரும் ஊல்கானின் கையைத்தான் பார்த்தோம், இப்போது வாய்க்குப் போகும், இப்போது போகும் என்று.

போகவில்லை. கத்தியை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்து, பிடி எர்கேஷ் பக்கம் இருக்கும்படி காலித் தட்டில் வைத்தாள்.