நாக்கைத் தூக்கச் சொல்பவர்

“ஆ காட்டு. நாக்க தூக்கு. இந்தாண்ட... அந்தாண்ட... சரி, போ.”

கனகலதா இதை என்னிடம்தான் சொன்னார். நான் நோயாளி இல்லை. தலைவலி என்று ஒரு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கிய பத்திரிகைக்காரன். சொன்னபடியெல்லாம் காட்டிவிட்டு வாயை மூடிய பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. “சாரி சார், பதினெட்டு வருஷப் பழக்கம்” என்றார். முகத்தில் சாரி எதையும் காணோம்.

அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இளைஞர் மனநலக் காப்பகத்தில் அவர் வார்டு உதவியாளர். அங்கே மனம் கலங்கிய பிள்ளைகளைப் பற்றி ஒரு சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகனைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். அந்த மகராசன் கேரவனை விட்டு இறங்கவே இல்லை. அதனால் கனகலதாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

‘யதார்த்தப் படம்’ என்று மூச்சுக்கு மூச்சு சொன்ன டைரக்டர் சுரேஷ்குமாருக்கு, வார்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது பிடிக்கவில்லை. நாலு பேர் ஒரு பகல் முழுக்க அதில் அழுக்கும் பூஞ்சைக் கறையும் வரைந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்த கனகலதா, பினாயில் ஊற்றி அத்தனையையும் தேய்த்துக் கழுவிவிட்டார்.

“அது ஆர்ட்டும்மா!” என்று தலையில் அடித்துக்கொண்டார் டைரக்டர்.

“ஆர்ட்ட உங்க வூட்டு செவுத்துல வரைங்க சார். இது புள்ளைங்க இருக்கற எடம்.”

அவர் வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஐந்தரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். அந்நேரம் பெரிய டாக்டரே கூப்பிட்டாலும் ஒரு உருண்டைச் சோற்றை விழுங்கிவிட்டுத்தான் பதில் வரும்.

அன்று மாலை படத்தில் அவருக்கு அவராகவே வேடம். கூட நடித்தவன் முருகவேல், இரண்டு வருடத்துக்கு முன் இங்கேயே இருந்து தேறி வீடு போனவன். இப்போது வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ‘நிஜ முகம் வேண்டும்’ என்று டைரக்டர் அவனைப் பிடித்து வந்திருந்தார். காட்சி இதுதான்: அவன் மாத்திரையை நாக்கடியில் ஒளிப்பான், கனகலதா கவனிக்காமல் நகர வேண்டும்.

நகர்ந்தால்தானே? ஆறு டேக். அது வெறும் சீனி மாத்திரை என்று தெரிந்தும் ஆறு தடவையும் பிடித்துவிட்டார். “எப்டி சார் பாக்காத போறது? நாக்குக்கு அடில துருத்திகினு கீதே!”

“அவனப் பாருங்கம்மா, எவ்ளோ நேச்சுரலா பண்றான்! கை கூட நடுங்குது!”

கனகலதா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நடிக்கவில்லை.

“முருகவேலு, ராத்திரி தூங்குனியா?”

அவன் தரையைப் பார்த்தான். “நாலு நாளா மாத்திர போடலக்கா. போட்டா மூஞ்சி டல்லா கீதுன்னு டைரக்டர் சார்தான் சொன்னாரு.”

முன்பு ஒருமுறை இப்படி நிறுத்தித்தான் இவன் வீட்டை விட்டுப் போய், நாலாம் நாள் செங்கம் ரோட்டோரம் கால் வெடித்து, பேர் சொல்லத் தெரியாமல் கிடந்தான் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

“இந்த ஒரு ஷாட்டும்மா, வெளிச்சம் போயிடும்” என்றார் டைரக்டர்.

“போவட்டும்.”

கனகலதா டாக்டருக்குப் போன் போட்டார். சாப்பிடவைத்து இன்றைய மாத்திரையைக் கொடுங்கள், காலையில் நான் வந்து பார்க்கிறேன் என்றார் டாக்டர். மெஸ் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆறு டேக்கில் திறக்காமலே கிடந்த தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவன் மடியில் வைத்தார். எலுமிச்சை சாதம். ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டு வந்தது.

“உனக்குக்கா?”

“எனக்குக் காலைல கீது. தின்னு.”

கடைசிப் பருக்கை வரை பார்த்துவிட்டு, வார்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்த மாத்திரையையும் டம்ளரையும் நீட்டினார். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். பின்னால் டைரக்டர், “கேமரா, கேமரா” என்று கிசுகிசுத்தார். கேமரா நெருங்கியது.

கனகலதா திரும்பக்கூட இல்லை. இடது கையால் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து லென்ஸுக்கு நேரே பிடித்தார். வலது கையால் முருகவேலின் மோவாயை நிமிர்த்தினார். அவர் சொல்லும் முன்பே அவன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.