சாம்பிள் டப்பாவில் வாசல் மண்

என் மேஜையில் ஒரு வருஷம் ஒரு சாம்பிள் டப்பா இருந்தது. நோயாளிகளிடம் சிறுநீர் பிடித்து வரக் கொடுப்பார்களே, வெள்ளை மூடி போட்ட அதே பிளாஸ்டிக் டப்பா. அதில் இருந்தது எங்கள் வீட்டு வாசல் மண். வீட்டு ஞாபகத்துக்காக எடுத்து வைத்திருந்தேன் என்று யாரும் உருக வேண்டாம். ஒருத்தி என்னைச் சபித்து வாரித் தூற்றிய மண் அது. உரிய ஆளிடம் சேர்க்கும்வரை அதைக் கீழே கொட்டக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். நோயாளியைத் தொடுகிற மெஷின்களை எல்லாம் சோதித்து, பழுது பார்த்து, எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்று சொல்கிற வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள், உருக்காலையில் சுட்டுக்கொண்டவர்கள், ஷிப்ட் முடிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள். என் அறை கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்கும் சலவை அறைக்கும் நடுவில் இருந்தது. பயோமெடிக்கல் என்றால் மஞ்சள் கவரில் கட்டிப்போடும் குப்பை என்றே பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேருக்கு நான் ரிப்பேர்க்காரி. "இன்னா மேடம், வார்டு டிவி ரிமோட்டு வேலை செய்ல, பாருங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போவார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாத ஆள் ஒருவர்தான். எங்கள் நிர்வாக மேலாளர்.

அவர் முன்பு ஓர் இரும்புத் தொழிற்சாலையில் இருந்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வாயில் எந்நேரமும் "எங்க ஃபேக்டரியில". மெஷின்களை அவ்வப்போது நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால், "ஓடுற மெஷினை எதுக்கும்மா நிறுத்தணும்? நின்னா பாத்துக்கலாம்" என்பார். என் அப்பா ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். அங்கே உருளை நின்றால் அன்றைய கம்பி போகும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி அப்படி இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிது. கிரேன் முதல் திருப்புளி வரைக்கும் பொட்டு வைத்து, லாரிக்கு வாழைக்கன்று கட்டி, கேட்டுக்குக் கேட்டு பூசணிக்காய் உடைப்பார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நானும் என் டூல் பெட்டிக்குப் பொட்டு வைக்கிறவள்தான். ஆனால் பெட்டியின் மூடியில் வைப்பேன், மீட்டரின் முனையில் வைக்க மாட்டேன்.

அந்த வருஷம் மேலாளர் தாம்பாளத்தோடு துறை துறையாகச் சுற்றி வந்தார். பின்னால் நர்ஸ்கள், அவர்களுக்குப் பின்னால் நான். அவசரப் பிரிவில் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறது. தாறுமாறாகத் துடித்து நிற்கப் போகிற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின். அதற்கு இரண்டு கைப்பிடிகள், அடியில் இஸ்திரிப் பெட்டிக்கு இருப்பது போலப் பளபளவென்று தகடு. அந்தத் தகடு வழியாகத்தான் மின்சாரம் நோயாளியின் நெஞ்சுக்குள் போக வேண்டும். மேலாளர் கைப்பிடிகளைக் கழற்றினார். பளபளப்பைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு தகட்டிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டினார்.

"சார், அந்த இடத்துல மட்டும் வேணாம் சார். காஞ்சா ஒட்டிக்கும், கரண்ட் போகாது. நான் துடைச்சு டெஸ்ட் பண்ணி வெச்சிடுறேன்" என்றேன்.

"பூஜை போட்டதை மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. மெஷினுக்கும் ஒரு நாள் லீவு குடும்மா" என்றார். நர்ஸ்கள் சிரித்தார்கள். போதாததற்கு, நான் கைவைத்துவிடக் கூடாதென்று, தலைமை நர்ஸிடம் என் எதிரிலேயே சொல்லிவிட்டும் போனார்.

மறுநாள் விடிந்ததும், மறுபூஜைக்கு முன்னாலேயே, அவசரப் பிரிவுக்கு ஒருவரைத் தூக்கி வந்தார்கள். எங்கள் தெருக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வந்த இடத்திலேயே நினைவு தப்பியது. தகட்டை நெஞ்சில் வைத்தால் மெஷின் 'சரியாகப் படவில்லை' என்று கத்தியதே தவிர ஷாக் கொடுக்கவில்லை. டாக்டர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க, மாடி ஐ.சி.யு.விலிருந்து இன்னொரு மெஷின் ஓடி வந்தது. உயிர் திரும்பியது. ஆனால் அந்த இடைவெளி அவர் மூளையில் இருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. நேற்று நடந்தது நிற்காது, பார்த்த முகம் நிற்காது. பெற்ற மகளின் பெயரே போய்விட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் தலைமை நர்ஸ் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டிருந்தார். மெஷின் ஒழுங்காக ஓடியது. மேலாளருக்குக் கதை கட்ட அது போதுமாயிருந்தது. அந்த ஃபோர்க்லிஃப்ட்காரரின் மனைவியை, எங்கள் தெரு அக்காவை, தன் அறைக்கு அழைத்து என்னையும் தலைமை நர்ஸையும் நிறுத்தினார்.

"பேட்டரிக்குச் சார்ஜ் போடாம விட்டுட்டாங்கம்மா. சின்னப் பொண்ணு. அவங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்குறேன்" என்று எனக்காகக் கைகூப்பினார்.

"சார்ஜ் இருந்தது. நீங்க சந்தனம் வெச்சீங்க சார்!" என்று கத்தினேன்.

"சந்தனம் ஆளைக் கொல்லுமாம்மா?" என்று அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தார். நான் தலைமை நர்ஸைப் பார்த்தேன். அவர் தரையில் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனுஷர் பூஜைக்கு உடைத்த பூசணிக்காயையே மறைத்துவிட்டார்.

புருஷனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அந்த அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். தெருவே நின்று பார்த்தது.

"நல்லா இருப்பியாடி நீ? எம் புருசன் ஊட்டுக்கு வந்து, புள்ள பேரு இன்னான்னு என்னக் கேக்குறான்டி! மெஷினு பாக்கச் சம்பளம் வாங்கிக்கினு இன்னாடி பண்ணிக்கினு இருந்த?"

"நான் இல்லக்கா. அந்த மேனேஜர்தான் தகட்டுல..."

"ஆபீசரு அவரு. அவரே எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாரு. நீ கும்பிட்டியாடி?" என்று சொல்லி, வாசலில் இருந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி எங்கள் கதவில் தூற்றினாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. 'மெஷினை நிறுத்தினவ' என்றார்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனால் குடங்கள் நகரும். அம்மா அழுதுகொண்டே வாசலைப் பெருக்க வந்தபோது நான் விளக்குமாற்றைப் பிடுங்கினேன். கதவடியில் கிடந்த மண்ணைக் கூட்டி டப்பாவில் போட்டு மூடினேன்.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வேலைய உட்டுட்டு வேற ஊருக்குப் போய்டலாம் வா" என்றாள் அம்மா. சோழவரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிடவும் செய்தார்கள். போனால் தப்பு என்னுடையது என்று நானே முத்திரை குத்தியதாகிவிடும். போகவில்லை.

ஒரு வருஷம் நான் அந்த ஆளை வெறுத்ததைப் போல யாரையும் எதையும் வெறுத்ததில்லை. கோடையில் அவர் அறை ஏசி நின்றபோது ஆள் அனுப்பினார். "நோயாளியைத் தொடுற மெஷின் மட்டும்தான் என் வேலை, சாரிடம் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினேன். அந்த மடிப்புக் கலையாத சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது இளநீர் குடித்தது போல இருந்தது. ஆனால் இந்தச் சில்லறைப் பழி எனக்குப் போதவில்லை. அந்த அக்கா தன் கண்ணால் பார்க்க வேண்டும். தெருவில் என் பெயர் திரும்ப வர வேறு வழி கிடையாது.

எனக்கு ஒரு பலம் இருந்தது. தான் கட்டிய கதையை அவரே நம்பியிருந்தார். சந்தனத்தால்தான் நின்றது என்பது அவர் புத்தியில் கடைசிவரை ஏறவில்லை. ஆகையால் மறுபடியும் வைப்பார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. நல்ல மெஷினைச் சோதித்து, அவசரப் பிரிவின் உள் அறையில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அந்த அறைக்குப் பூஜை வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி, அறையைப் பூட்டாமல் வாசலில் காவலுக்கு ஆளும் போட்டேன். பழிக்காகக்கூட ஒரு நோயாளியைப் பணயம் வைக்கிறவள் இல்லை நான். வெளியே தள்ளுவண்டியில், உதிரிபாகம் வருவது நின்றுபோனதால் கழித்துக்கட்டிய பழைய மெஷினைத் துடைத்து நிறுத்தினேன். அதன் தகடுகளை மட்டும் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தேன். எலிப்பொறியில் மசால்வடையை நன்றாகத்தானே வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டரிடம், பூஜை முடிந்ததும் நர்ஸ்களுக்கு இந்த மெஷினைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறேன், நீங்களும் இருங்கள் என்று அனுமதி வாங்கியிருந்தேன். முந்தின நாள் அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஒரே ஒரு வாட்டி அண்ணனைக் கூட்டிக்கினு வாக்கா. வந்து சும்மா பாரு. அதுக்கப்புறமும் என்னத் திட்டணும்னா திட்டு."  மறுநாள் அவள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மேலாளர் தாம்பாளத்தோடு வந்தார். தள்ளுவண்டி முன் நின்றார்.  வைக்காமல் போய்விடுவாரோ என்று தவித்தேன். அவர் கைப்பிடிகளைக் கழற்றி, இரண்டு தகட்டிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் பொரியும் சுண்டலும் தின்று முடிப்பதற்குள் ஏசிக் காற்றில் சந்தனம் கட்டியாகிவிட்டது. நான் வகுப்பை ஆரம்பித்தேன். "பூஜை போட்டதைத் தொடாதம்மா" என்று மேலாளர் தாம்பாளமும் கையுமாக வந்தார். "இருக்கட்டும், செய்யட்டும்" என்றார் பெரிய டாக்டர். நெஞ்சுக்குப் பதிலாக நாங்கள் வைத்துச் சோதிக்கும் பெட்டி ஒன்று உண்டு. தகடுகளை அதன்மேல் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. போன வருஷம் அந்த மெஷின் கத்திய அதே கத்தலை இதுவும் கத்தியது. ஷாக் வரவில்லை. பேட்டரி முழுதாக இருப்பதைத் திரையில் எல்லாருக்கும் காட்டினேன். ஸ்பிரிட் போட்டுச் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து மறுபடி வைத்தேன். பச்சை விளக்கு எரிந்து, பட்டென்று ஷாக் இறங்கியது.

 அப்புறம் தலைமை நர்ஸ், டைல்ஸைப் பார்க்காமல் பெரிய டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷமும் இதேதான் சார். நான்தான் துடைச்சேன். பூஜைக்குக் கெட்ட பேரு வரும், சொல்லாதேன்னாரு."

நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து அந்த அக்காவிடம் நீட்டினேன்.

"இது இன்னா?"

"உன் மண்ணுதான்க்கா. எங்க வாசல்ல போட்டியே. விலாசம் தப்பிப் போச்சு, அதான் எடுத்து வெச்சிருந்தேன்."

டப்பாவை வாங்கினாள். மூடியைத் திருகி, மண்ணை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். கத்தவில்லை. நேராக மேலாளர் முன் போய் நின்று, அந்த வெள்ளைச் சட்டையில் மொத்தத்தையும் வீசினாள்.

"நல்லா இருப்பியாய்யா நீ?"

அவர் தாம்பாளத்தை விடவும் முடியாமல், தட்டிவிடவும் முடியாமல் நின்றார். சந்தனக் கிண்ணத்தில் எங்கள் வாசல் மண் மிதந்தது. பெரிய டாக்டர், "தாம்பாளத்தைக் கீழ வெச்சிட்டு என் ரூமுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க நான் கொஞ்சமும் முயற்சி செய்யவில்லை.

அந்த அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து மனைவியிடம் கேட்டார்: "யாரு இந்தப் பொண்ணு?"

"நம்ம தெருப் பொண்ணுய்யா. மெஷினு பாக்குற பொண்ணு" என்றாள் அவள். ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

மூன்று பேருமாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வழியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு இந்தப் பொண்ணு?" என்று மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். பஸ் வருவதற்குள் இன்னொரு முறையும் கேட்டார்.

மேலாளரை வேலையை விட்டு அனுப்பவில்லை. பொருள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அவர் உட்காருவது கீழ்த்தளத்தில், என் அறைக்கு எதிரே, ஜெனரேட்டர் சத்தத்தில். அவர் போகாதது எனக்குச் சம்மதம்தான். தினமும் கதவைத் திறந்தால் நான் அவர் கண்ணில் பட வேண்டும். 'நடந்தது நடந்துபோச்சு, மன்னிச்சிடு' என்று ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். பெற்ற மகளின் பெயரை அந்த அண்ணன் என்றைக்குத் தானாகச் சொல்கிறாரோ அன்றைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சாம்பிள் டப்பாவைக் கழுவிக் காயவைத்து மறுபடி மேஜையில் வைத்திருக்கிறேன், தேவைப்படலாம்.