செல்வி அக்காவும் நானும் அடைத்த ட்ரெய்லர்

ஹேர் டிரையரின் சூடு படப்பட மெல்லிய பிளாஸ்டிக் இறுகிக்கொண்டு வரும். அப்போது ஒரு வாசம் எழும்... மொன்ட்ரியாலில் குளிருக்கு முன்னால் ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டியவர்களுக்கு அந்த வாசம் தெரியும்.

நானும் செல்வி அக்காவும் அதை ஒரு ட்ரெய்லருக்கு ஒட்டினோம். இரண்டாயிரத்துகளின் நடுவில், லாசால் பகுதியில்.

நாங்கள் மூன்றாம் மாடி. செல்வி அக்காவும் அவருடைய கணவர் அன்ரன் அண்ணையும் எங்களுக்கு நேர் கீழே. அன்ரன் அண்ணையும் என் கணவரும் ஒரே ஃபாக்டரியில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு கெபெக்காரர், இந்த மாகாணத்து ஆள், ஓய்வு பெறும்போது தன் பழைய ட்ரெய்லரை இவர்களுக்குக் கொடுத்தார். வான் வண்டியின் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் இருக்கும். குளிர்காலத்தில் ஏரிக்கரையில் அதைக் கொண்டுபோய் விட்டு, ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பது என்று இருவருக்கும் ஆசை.

ஆசை அவர்களுடையது. வேலை எங்களுடையது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கெபெக்காரர் சொல்லித் தந்ததைக் கவனமாகக் கேட்டது நான்தான். குழாய்த் தண்ணீரை முழுக்க வடியவிட்டு, குழாய் உறையாமல் இருக்க ரோஸ் நிற அன்டிஃப்ரீஸ் ஊற்றினோம். அடியில் காற்று நுழையாமல் சுற்றிவர ஃபோம் பலகை வைத்தோம். கதவு இடுக்கிலே ரப்பர். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சூட்டில் வைத்தேன். ஜன்னல்களுக்கு செல்வி அக்கா பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடிக்க, நான் டிரையரைக் காட்டினேன்.

"பிள்ளை, என்ரை கையைச் சுட்டுப்போடாதை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வேலை முடிந்ததும் உள்ளேயே இருந்து தேத்தண்ணி குடித்தோம். "அடுத்த முறை நாங்கள் ரெண்டு பேரும் போவம். இவையள் பிள்ளையளைப் பாத்துக்கொண்டு வீட்டை நிக்கட்டும்" என்றார்.

கூரையில் ஒரு சின்ன மூடி இருந்தது. கைப்பிடியைச் சுற்றித் திறக்க வேண்டும். அதற்கு மட்டும் நான் எதுவும் ஒட்டவில்லை. உள்ளே காஸ் ஹீட்டர் எரிந்தால் அது கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணமே இல்லாத நச்சுக்காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று கெபெக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். என் கணவரிடம் சொன்னேன். அந்தக் காற்று வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்குவோம் என்றும் கேட்டேன்.

"ஓம் ஓம், பேந்து வாங்குவம்" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டார்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆண்கள் இருவரும் போனார்கள். சனி காலையில் ஆஸ்பத்திரியில் இருந்து ஃபோன் வந்தது.

திரும்பப் பூட்டிக் கொண்டுபோன பாட்டரி இரவில் இறங்கி, ட்ரெய்லரின் ஹீட்டர் நின்றுபோயிருக்கிறது. கையில் கொண்டுபோன சின்ன காஸ் ஹீட்டரைக் கொளுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். காலையில் பக்கத்து ட்ரெய்லர்காரர் தட்டிப் பார்த்து, கதவை உடைத்து இழுத்து வெளியே போட்டதால் உயிர் தப்பினார்கள்.

என் கணவர் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்ரன் அண்ணை வரப் பல வாரம் ஆயிற்று... வந்தவர் பழைய ஆள் இல்லை. அடுப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். தினமும் போன பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிவிடுவார். அதன் பிறகு அவர் வேலைக்கே போகவில்லை. செல்வி அக்கா ஆஃபீஸ்கள் கூட்டித் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்தார்.

"ஒரு ஓட்டையும் விடாமல் நீதானே அடைச்சனீ. நானும் விசரி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அக்கா, மேல் மூடியை நான் தொடேல்லை. சத்தியமா."

அவர் இறங்கிப் போனார்.

ட்ரெய்லர் திரும்பி வந்ததும் துப்புரவாக்க நான்தான் போனேன். அண்ணாந்து பார்த்தேன். கூரை மூடிக்குள் என் கணவரின் நீல ஸ்வெட்டர் இறுக்கித் திணித்திருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப்.

ஸ்வெட்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"குளிர் தாங்கேலாமல் அடைச்சனான்" என்றார். ஸ்வெட்டரைச் சுருட்டி ஒதுக்கி வைத்தார். "அன்ரன் அண்ணைக்கு ஒண்டும் ஞாபகமில்லை. இனி இதைச் சொல்லி என்ன? ஃபாக்டரியிலை, சேர்ச்சிலை நான் எப்பிடி முகம் குடுக்கிறது? உன்னிலை பழி போடுற சனம் ரெண்டு மாசத்திலை மறந்திடும்."

மறக்கவில்லை.

பூசை முடிந்து தேத்தண்ணிக்கு நிற்கும்போது, நான் பக்கத்தில் போனால் கதை நின்றுவிடும். புதிதாக வந்தவர்களுக்கு என்னை 'ட்ரெய்லரை அடைச்சவ' என்றுதான் காட்டினார்கள். அதே வட்டத்தில் என் கணவர் நிற்பார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு...

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். என்னை ஸ்பான்சர் பண்ணி இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். கையில் இரண்டு வயதுப் பிள்ளை. இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் செல்வி அக்கா. அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

செல்வி அக்கா இந்த வருடம் போய்விட்டார். சவ அடக்கத்துக்குப் போய், சேர்ச்சில் பின் வாங்கிலில் இருந்தேன். சின்ன வயதில் என் மடியில் இருந்து சோறு தின்ற அவருடைய மகள், என்னைத் தாண்டிப் போய் என் கணவரின் கையைப் பிடித்து அழுதாள்.

திரும்பி வரும்போது காருக்குள் அவர் சொன்னார். "பாவம், நல்ல மனுசி."

இப்போது நம்மவர்கள் எத்தனையோ பேர் பனிக்காலத்தில் கேம்பிங் போகிறார்கள். பெண்கள் தனியாக, சிநேகிதிகளோடு போய்ப் படம் போடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் போகவே இல்லை.

செல்வி அக்காவின் மகளும் நான் இதைப் போடுகிற இந்த இணையக் குழுவில் இருக்கிறாள். உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை உன்னிடம் சொல்லிவிட்டேன், பிள்ளை.

என் கணவரும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.