பலகையின் வெள்ளை முதுகு

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். பழவேற்காட்டில் ஏரியை ஒட்டிய சாலையோரம் எனக்கு ஒரு இட்லிக் கடை. கடைக்குப் பக்கத்திலேயே ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பெரிய தகரப் பலகை நின்றது. டச்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்து இங்கே கோட்டை கட்டியது, துணி வாங்கிக் கப்பலேற்றியது, அவர்களுடைய தோணித்துறை ஏரிக்கரையில் இருந்தது எல்லாம் அதில் எழுதியிருக்கும். துணியோடு நம் ஆட்களையும் அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பற்றிப் பலகையில் ஒரு வரி கிடையாது.

எழுத்தெல்லாம் சாலையைப் பார்த்த பக்கம். ஏரியைப் பார்த்த பின்பக்கம் வெறும் வெள்ளை. ஏரியில் தோணி விடும் எங்கள் ஆட்களுக்கு வேண்டியது அந்த வெள்ளைதான். ஏரிக்குள் எங்கே பார்த்தாலும் மேடு, சேறு. போதாததற்கு டச்சுக்காரர்களின் பழைய துறை இடிந்து, அதன் கற்கள் ஓரிடத்தில் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. தூரத்தில் வரும்போதே, பலகையின் வெள்ளைக்கு நேர் பின்னால் ஒற்றைப் பனை தெரியும்படி தோணியைத் திருப்பிக்கொண்டால் ஆழமான வழியில் பத்திரமாகக் கரைக்கு வந்துவிடலாம்.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. நண்டு வலை போடுகிறவன். "முன்பக்கம் டச்சுக்காரனுக்கு, பின்பக்கம் நமக்குக்கா" என்று அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டே சாப்பிட உட்காருவான். அன்று விடியற்காலையில் போகும்போது, "காரச் சட்னி எனக்கு எடுத்து வெச்சுடு, எல்லாத்தையும் ஊருக்கே போட்டுடாத" என்றுவிட்டுப் போனான்.

மதியம் ஒரு வண்டியில் ஆட்கள் வந்து பலகையைத் தோண்டினார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில், ஏரியோரமாக நடப்போகிறார்களாம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறையைப் பார்க்கத்தானே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், பலகையும் அங்கே இருந்தால்தான் படிப்பார்கள் என்றார்கள். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. கரையிலேயே கிடக்கிறவளுக்கு அந்தப் பலகை துண்டு காயப்போடும் இடம், அவ்வளவுதான்.

சாயங்காலம் வாடைக்காற்றோடு மழை வலுத்தது. மீன் விற்கும் அக்கா ஒருத்தி கூடையோடு கடைக்குள் ஒதுங்கியவள், வெளியே பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னாடி, பலகை எங்க?"

"புடுங்கிகினு போய்ட்டாங்கக்கா. கல்லறையாண்ட நட்டுட்டாங்களாம்."

"அடிப்பாவி! ஆம்பளைங்க எதைப் பார்த்துடி வருவாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகை இல்லாமல் போயிருந்தால்கூட, ஏதோ ஆகிவிட்டது என்று தோணியை நிறுத்தியிருப்பார்கள். இது வேறு இடத்தில் அதே வெள்ளையாக நிற்கிறது. மழை இருட்டில் அவர்களுக்குத் தெரியப்போவது ஒரு வெள்ளையும் ஒரு பனையும்தான். அந்த வெள்ளையையும் இந்தப் பனையையும் சேர்த்துப் பிடித்தால் தோணி நேராகக் கற்கள்மேல் ஏறும்.

தம்பிக்குப் போன் அடித்தேன். மழைக்குப் பயந்து அணைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருப்பான், போகவில்லை. அக்கா ஒரு ஆட்டோக்காரரை விரட்டி, கல்லறையோரம் போய்ப் பலகைமேல் தார்ப்பாயைப் போர்த்தச் சொன்னாள். நான் கடைக்கு மறைப்பாகக் கட்டியிருந்த பழைய பிளெக்ஸ் பேனரை அறுத்தேன். அதன் பின்பக்கம் வெள்ளை. பலகை நின்ற குழிகளில் ஆளுக்கொரு காலை விட்டு ஊன்றிக்கொண்டு, இரண்டு பேரும் அதை ஏரியைப் பார்த்து விரித்துப் பிடித்தோம். காற்று எங்களையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. கை மரத்துப்போனதும் அக்கா பேனரைப் பல்லால் கடித்துப் பிடித்தாள்.

தோணிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாம் எங்களைப் பார்த்து நேராக வந்தன. ஒவ்வொன்றிலும் தம்பியைத் தேடினேன். தம்பி இன்னும் வரவில்லையே என்று முதலில் கரையேறியவரிடம் கேட்டேன்.

"இன்னாமே சொல்ற? நண்டு நெறைய மாட்டிச்சு, நான் முன்னாடி போறேன்னு எங்களுக்கு முன்னாடியே வந்தானே!"

பேனர் எப்போது என் கையைவிட்டுப் போனது என்று தெரியவில்லை. அக்கா மட்டும் விடவில்லை. "இன்னும் தோணிங்க வருதுடி, புடி! அழுதுகினே புடி!" என்று கத்தினாள். அழுதுகொண்டே பிடித்தேன். அன்று போன மற்ற எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கற்கள்மேல் அவனுடைய தோணி கவிழ்ந்து கிடந்தது. அவனை மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். வலை காலில் சுற்றியிருந்தது. சட்னிக் கிண்ணம் மூடியபடியே கடையில் இருந்தது. அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

பலகையை நட்டவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி என்ன, போனவன் வரவா போகிறான்? அவர்கள் படித்தது முன்பக்கத்தை. பின்பக்கம் எதற்கு என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை, எங்களிலும் யாரும் போய்ச் சொல்லவில்லை. பலகை இன்றும் கல்லறையோரம்தான் நிற்கிறது. அதன் முதுகுக்கு மட்டும் எங்கள் ஆட்கள் தார் பூசிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் நின்று படிக்கிறார்கள். உள்ளே போய், எந்தக் காலத்திலோ செத்த வெள்ளைக்காரர்களின் பெயரைக் கல்லில் தடவிப் பார்க்கிறார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோன நம் ஆட்களுக்கு எங்கேயும் கல் இல்லை. என் தம்பிக்கும் இல்லை.

ஏரியைப் பார்த்த என் கடைச் சுவரைத்தான் இப்போது தோணிக்காரர்கள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிறேன். முகப்பை விட்டுவிட்டுப் பின்சுவருக்கு ஏன் வெள்ளை அடிக்கிறாய் என்று சாப்பிட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் ஈரச் சுண்ணாம்பு காய்ந்து பளீரென்று வெள்ளை ஏறும்போதெல்லாம், இதை அந்த ஒரு மழைக்கு முன்னால் அடித்திருந்தால் அவன் வந்து சாப்பிட்டிருப்பானே என்றுதான் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.