கடைசி ரீலில் ஒரு குடை

அந்தத் துப்பறியும் படத்தை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கொலைகாரன் யாரென்று தெரியாமலே வீடு திரும்பினேன். ஏற்காட்டுத் தகரக் கொட்டாயில் மேட்னி முடிய ஆறேகால் ஆகும். எங்கள் நாகலூருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. துப்பறிபவன் ஈரத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்து, வெள்ளைச் சேலைக்காரியைப் பார்த்து, "இப்பச் சொல்றேன்" என்பான். வெளியே கண்டக்டர் விசில் ஊதுவார். நடந்து வந்திருக்கலாம்தான். காட்டெருமைக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயந்தது அப்பாவுக்கு.

பிறகு சேலத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். வழியெல்லாம் மழை. தொப்பலாக நனைந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவள் காபி டம்ளரை நீட்டக் குனிந்தபோது, வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"ஏனுங்க, அந்தத் துப்பறியிற படம் பாத்திருக்கீங்களா? கொலை பண்ணுனது யாருங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அப்பறம் சொல்றேனுங்க."

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கொலை செய்தது அந்த வெள்ளைச் சேலைக்காரியேதானாம். துப்பறிபவனுக்கு அவள்மேல் உயிர். ஆனாலும் விடவில்லை. தன் குடையை அவளுக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டே போலீஸ் ஸ்டேஷன்வரை கூட நடந்தானாம். நாகலூர் டீக்கடையில் இந்த முடிவை நானே பார்த்ததுபோல் சொல்லிப் பரப்பினேன். எஸ்டேட் ரைட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதே கதையை மறுபடி எடுத்தார்கள். கலரில். சேலத்துக்கு மேட்னி பார்க்க நானும் அவளும் ஸ்கூட்டரிலேயே போனோம். இனி எந்தக் கண்டக்டரும் விசில் ஊத முடியாது.

பழையவன் ஓர் அடி வாங்கினால் படம் முடியும்வரை நொண்டுவான். புதியவன் பத்துப் பேரை அடித்தான், தலைமுடி கலையவில்லை. மழை பாட்டுக்கு மட்டும் வந்தது. நான் குடைக்காகக் காத்திருந்தேன். கடைசியில் அதுவரை கண்ணிலேயே படாத ஒரு தாடிக்காரன் ஹெலிகாப்டரில் இறங்கி, கொலை செய்தது தான்தான் என்று சிரித்தான். வெள்ளைச் சேலைக்காரி துப்பறிபவனோடு பனிமலைக்கு ஆடப் போய்விட்டாள்.

"குடை எங்கய்யா?" என்று எழுந்து நின்றே கேட்டுவிட்டேன்.

"உக்காருங்கண்ணா, உள்ளயா மழை பேயுது?" என்றது பின் சீட்.

திரும்பும் வழியில் மலையடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியும் எனக்கு ஆறவில்லை.

"கதையையே கெடுத்துட்டானுங்க புள்ள! அவதானே கொலகாரி?"

அவள் டீயை ஊதினாள். "ஏனுங்க, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் அந்தப் பழைய படத்தைப் பாத்ததே இல்லீங்க. எங்கூட்டுல கொட்டாய்க்கெல்லாம் உடமாட்டாங்க."

"அப்ப அந்தக் குடை?"

"அன்னிக்கு நீங்க கோழிக்குஞ்சாட்டம் நனைஞ்சு வந்திருந்தீங்க. நொம்பப் பாவமா இருந்துச்சு. அதான் ஒரு குடையைச் சேத்துக்கிட்டேன்."

"பாக்கலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா படம் பாத்த பொண்ணைத் தேடி அடுத்த ஊட்டுக்குப் போயிருப்பீங்க. மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு."

கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. போயிருப்பேன்தான். பழைய படத்தில் கொலை செய்தது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரிந்துகொள்வதாகவும் இல்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். "அந்தக் கடைசி சீனை இன்னொருக்காச் சொல்லு."

முதல் கொண்டை ஊசி வளைவில் ஆரம்பித்தாள். இருபதாவது வளைவு வந்தும் அவர்கள் ஸ்டேஷன் போய்ச் சேரவில்லை. இந்த முறை அவனுக்குச் சளி வேறு பிடித்திருந்தது.