வெட் பெஞ்சிலிருந்து மைக்ரோஸ்கோப்புக்கு

1. வாழ்த்து

நான் வெட் பெஞ்சை விட்டு மைக்ரோஸ்கோப்புக்கு மாறிய அன்று, ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் கர்ப்பமாக இல்லை.

அப்போது மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். வேஃபர் எனப்படும் மெல்லிய தட்டுகளை ஆசிட் தொட்டிகளில் கழுவும் இடம்தான் வெட் பெஞ்ச். பிள்ளை உண்டான பெண்கள் அங்கே நிற்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. தெரிந்த உடனே வேஃபரை மைக்ரோஸ்கோப்பில் சோதிக்கும் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு பெண் இங்கிருந்து அங்கே போனால், விஷயம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கும் என் கணவர் சேகருக்கும் கல்யாணமாகிப் பல வருடங்கள் குழந்தை இல்லை. பினாங்கில் ஐவிஎஃப் சிகிச்சை தொடங்கினோம். சிகிச்சை முடியும்வரை கெமிக்கல் பக்கம் போகாதீர்கள் என்றார் டாக்டர். நான் மேனேஜர் குணாவிடம் போய், டாக்டர் சொல்லியிருக்கிறார், இடம் மாற்றிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று கேன்டீனில்தான் விளங்கியது.

எங்கள் ஷிப்டின் மலாய்க்கார அக்கா காக் ஜைத்தோன் எனக்கென்று தனியாகக் குவே என்ற மலாய்ப் பலகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். லதா அக்கா வளைகாப்புச் சேலை எந்தக் கடையில் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அடுத்த கடையின் பெயருக்குப் போயிருந்தார். குவேயைத் தின்றுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வயிற்றில் தினமும் போட்டுக்கொண்ட ஊசி எனக்கு அவ்வளவாக வலித்ததில்லை. அந்த வாழ்த்து வலித்தது.

2. விடுபட்ட பெயர்

அந்த வாரமே சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்கு யார் யார் என்று பெயர் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் பெயரெல்லாம் இருந்தது. அழுகை போய்க் கோபம் வந்தது. நேராகக் குணாவின் அறைக்குப் போனேன்.

“முதல்ல புள்ளயப் பாரும்மா. இன்டர்வியூ எங்க போயிரப் போவுது?” என்றார்.

“புள்ள இன்னும் வரல பாஸ். அதுக்குத்தான் ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டு இருக்கேன்.”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, கூச்சப்பட்டார். “அப்படின்னா இன்னும் கஷ்டம் லா. ஸ்கேன், ஊசின்னு அடிக்கடி லீவு கேப்ப. சூப்பர்வைசர் வேலையில அது முடியுமா?” என்றார்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் பிஎம் என்று பராமரிப்பு நாள் உண்டு. அன்றைக்கு ஆர்டர் எவ்வளவு குவிந்திருந்தாலும் மெஷினை நிறுத்திவிடுவோம். எனக்குச் சட்டென்று அதுதான் ஞாபகம் வந்தது.

“பிஎம்முக்கு முன்னாடியே தேதி போட்டு மெஷின நிறுத்துறோம்ல பாஸ்? நிக்கிதேன்னு அந்த மெஷினத் தூக்கியா போடுறோம்? நானும் தேதிய முன்னாடியே சொல்லிடுறேன். ஆள மாத்தி விடுறதும் என் பொறுப்பு.”

பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் இன்டர்வியூவில் மேலிடத்தார் இதையே கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் ஷிப்ட் மாறும்போது நடக்கும் மீட்டிங்கில் சிகிச்சை பற்றி எல்லாருக்கும் சொன்னேன். பாதி மலாய், பாதி தமிழ். ஸ்கேன் நாட்களில் தன் ஷிப்டை மாற்றித் தருவதாகக் காக் ஜைத்தோன்தான் முதலில் சொன்னார். லதா அக்கா பின்னாலேயே வந்து, “மொதல்லயே சொல்லியிருந்தா வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்ல” என்றார். அக்கா வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று முதல் ஊசி நேரத்தில் என் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டது அவர்தான். கிளீன் ரூமில் கண் மட்டும் தெரிகிற முழு உடை போட்டிருப்போம். அதைக் கழற்றி, வெளியே வந்து ஊசி போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

3. முடிவு வந்த நாள்

கருவை உள்ளே வைத்தார்கள். காத்திருந்தோம். கரு நின்றதா என்று பார்க்க ரத்தம் கொடுத்த அன்று, வீட்டிலேயே இரு என்றார் சேகர். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்கு வந்தேன். கிளீன் ரூமுக்குள் போன் கொண்டு போக முடியாது. பிரேக்கில் லாக்கரைத் திறந்து கிளினிக்குக்குப் போன் போட்டேன். இந்த முறை நிற்கவில்லை என்றார்கள்.

லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லதா அக்கா பக்கத்தில் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு முகம் கழுவி, உடையை மாட்டிக்கொண்டு மிச்ச ஷிப்டை முடித்தேன்.

மறுநாள்தான் இன்டர்வியூ. குணா சொன்னபடியே உற்பத்திப் பிரிவின் தலைவர் கேட்டார், ஆங்கிலத்தில்: சிகிச்சையும் எடுத்துக்கொண்டு இந்தப் பொறுப்பையும் எப்படிச் சமாளிப்பீர்கள்? நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். நேற்று முடிவு வந்தது, கரு நிற்கவில்லை, நேற்றும் ஷிப்டை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன், இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வேலை கிடைத்தது. குழந்தை இன்னும் இல்லை.

சிகிச்சையில் இருக்கிற தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஆனால் உங்கள் ஷிப்டைப் போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். நாம் காரணம் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றை வைத்துக்கொள்வார்கள், அதற்கான தீர்ப்பையும் அவர்களே எழுதிவிடுவார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது முறை போகிறேன். ஷிப்ட் அட்டவணையில் அந்த நாட்களுக்கு நேரே லீவு என்று போட்டாகிவிட்டது. யாரிடமும் போய் நிற்கவில்லை. இப்போது அட்டவணை போடுவது நான்தான்.