கழற்றிய குழல்

அமெரிக்காவில், மொன்டானாவின் வடக்குச் சமவெளியில், ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் ஆர்டிஸ் கோல்ஸ்டாட் துப்பாக்கி வேலை செய்துவந்தாள். அதற்கு முன்பு ரயில்வே பட்டறையில் பல வருஷம் லேத் ஓட்டியவள். கணவன் பிரிந்துபோன பிறகு, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் சொந்தமாக ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டாள். வேட்டைக்காரர்கள் கம்பெனி ரைஃபிளைக் கொண்டுவருவார்கள். அதன் குழலைக் கழற்றிவிட்டு, அவரவர் விருப்பத்துக்கு நல்ல குழலாகக் கடைந்து பொருத்திக் கொடுப்பாள்.

எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பழைய குழல் என்ன விலைக்குப் போகும்?"

"ஒரு டேங்க் பெட்ரோல் போடலாம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்பாள். புதுசு போலவே இருந்தாலும் அவ்வளவுதான். அதே கம்பெனி, அதே மாதிரி துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான் அது பொருந்தும். பொருத்துவதற்கு அவன் இன்னொரு பட்டறைக்குக் கூலி அழவேண்டும். அதற்கு முழுத் துப்பாக்கியாகவே கடையில் வாங்கிவிட்டுப் போவான். அதனால் கழற்றிய குழல்கள் அவளிடமே தங்கிவிடும். கதவோரத்துச் சட்டத்தில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தாள்.

ஒரு மார்ச் மாதம் நோலன் ஹோவ்லண்ட் வந்தான். கோதுமை போடுகிற குடும்பம். முப்பது வயதுக்காரன், அதைவிட மூத்தவனாகத் தெரிந்தான். அவன் கையிலிருந்த ரைஃபிளைப் பார்த்ததுமே அது எந்தத் துப்பாக்கி என்று ஆர்டிஸுக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் தெரியாதவர்கள் யார்? மூன்று வருஷத்துக்கு முன்னால், எல்க் மான் வேட்டையின்போது, விடியற்காலைப் பனிமூட்டத்தில் புதர் அசைந்ததைப் பார்த்துச் சுட்டான். அங்கே நின்றது அவன் அண்ணன் ட்வைட். ஷெரீஃப் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். யாரும் அவனைத் தண்டிக்கவில்லை.

"குழலை மட்டும் மாத்தணும்" என்றான். "இந்தப் பிடிக்கட்டை எங்கப்பா செதுக்கினது. அதை விட முடியல."

"பழசை என்ன பண்ண?"

"வித்துடுங்க. காசு வேணாம். தூரமாப் போனாப் போதும்."

கம்பெனியில் முறுக்கிய குழல் லேசில் கழலாது. பிடிக்குள் இறுக்கி, நீளக் கம்பியால் நெம்பினாள். பட்டென்று வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு மறை விட்டுக்கொடுத்தது. திரும்பிப் பார்த்தபோது நோலன் தரையில் குந்தியிருந்தான், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

குழலை விற்க விளம்பரம் போட்டாள். முதலில் வயோமிங்கிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

"எத்தனை தோட்டா போயிருக்கும்?"

"கொஞ்சம்தான். புதுசுன்னே வெச்சுக்கலாம்."

"குறி நிக்குமா?"

"நல்லா நிக்கும்."

"அப்புறம் எதுக்குங்க கழட்டினாங்க?"

நியாயமான கேள்வி. நன்றாகச் சுடுகிற குழலை எவனும் கழற்றமாட்டான். வேறு அளவுத் தோட்டா வேண்டுமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாய்க்கு அது வரவில்லை. உள்ளதைச் சொன்னாள். எதிர்முனையில் நாய் குரைப்பது கேட்டது. "வேணாம்மா" என்று வைத்துவிட்டான்.

விலையைக் குறைத்தாள். அடுத்தவன் கதையைக் கேட்டுவிட்டு உற்சாகமானான். "நெசமாவா? இரண்டு மடங்கு தரேன். எழுத்துல எழுதிக் குடுப்பீங்களா?"

"உனக்கு விக்கிறதா இல்ல."

"மூணு மடங்கு?"

போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கையில் எண்ணெய் கூட இல்லை.

அந்த வசந்தம் முழுக்கக் காற்று அடித்தது. கதவைத் திறந்தால் சட்டத்திலிருந்த குழல்களின் வாயில் காற்று புகுந்து ஊதும். அது வருஷா வருஷம் கேட்கிற சத்தம்தான். இந்த முறை அதில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. தாழ்ந்த குரல், யாரோ ஒருவரைக் கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாதிரி. அந்தக் குழலின் வாயில் துணியைத் திணித்தாள். அப்புறமும் கேட்டது. எல்லாக் குழலுக்கும் துணி அடைத்தாள். அப்புறமும் கேட்டது. அந்தச் சட்டத்துக்கு முதுகு காட்டி நிற்க முடியாமல், மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் ட்வைட்டின் மனைவி ஜோலீன் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

"அது இங்க இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கு."

"பாக்கலாமா?"

ஆர்டிஸ் எடுத்துக் கொடுத்தாள். ஜோலீன் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தாள். வாய்ப்பக்கம் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் நுனிகூட நுழையவில்லை.

"இத்தனூண்டா?" என்றாள். "நான் எவ்ளோ பெரிசா நெனச்சிட்டிருந்தேன்."

ஆர்டிஸ் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"இதை வெட்ட முடியுமா?"

"முடியும்."

"அவன்கிட்ட கேக்கணுமா?"

"என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டான். நீ சொன்னாப் போதும்."

பட்டை ரம்பத்தில் வைத்து அறுத்தாள். இரும்பு கத்தியது. ஜோலீன் காதைப் பொத்தாமல், கடைசித் துண்டு விழும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் போய் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"அவன் சாப்பிடறானா?"

"இளைச்சுத்தான் போயிட்டான்."

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். மூன்று வருஷமாக அவளும் நோலனும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

புதுக் குழல் பொருத்தி முடிந்ததும் நோலன் வந்து வாங்கிக்கொண்டு, சுட்டுப் பழகும் மைதானத்துக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். சுட்ட இலக்குத் தாளைக் காட்டினான். குண்டெல்லாம் ஒரே இடத்தில், ஒரு காசுக்குள் அடங்கும்படி விழுந்திருந்தது. அவன் முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"பழசையே திரும்பப் போட்டுடுங்க ஆர்டிஸ்."

"ஏன், இது சரியில்லையா?"

"இது ரொம்ப நல்லாருக்கு. அதான் முடியல. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. அவனை எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டு வந்த மாதிரி இருக்கு."

"அது இல்லப்பா. வெட்டியாச்சு."

"யாரைக் கேட்டு?"

"ஜோலீன் வந்திருந்தா."

அவன் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. "அவ என்ன சொன்னா?"

"நீ சாப்பிடறியான்னு கேட்டா."

அவன் மேசைமேல் கவிழ்ந்துகொண்டான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஆர்டிஸ் வெளியே போய், புல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். ரைஃபிளை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆர்டிஸ் அதைத் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் ஜோலீன் வீட்டுக்கு முன்னால் அவன் வண்டி வெகுநேரம் நின்றதைத் தெருவே பார்த்தது. இறங்காமலே உட்கார்ந்திருந்தானாம். அவள்தான் வந்து கதவைத் திறந்து, "உள்ள வா, சாப்பாடு ஆறிடும்" என்றாளாம்.

ஆர்டிஸ் மீதிக் குழல்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள். சட்டம் காலியாக நின்றது. காற்றடிக்கிற நாளில் அந்தக் குரல் அவளுக்கு அப்போதும் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று, ஊர் ஆண்கள் பாதிப்பேர் மலைக்குப் போயிருந்தார்கள். ஜோலீன் ஆர்டிஸைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனால் நோலனும் இருந்தான். மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில், தெற்கே மலைப்பக்கமிருந்து ஒரு வேட்டுச் சத்தம் மெல்ல வந்து சேர்ந்தது. நோலனின் முள்கரண்டி தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. மூன்று பேரும் தலை நிமிரவில்லை. இன்னொரு வேட்டு கேட்டது.

ஜோலீன் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள்.

அவன் போட்டுக்கொண்டான்.